விதைக்குமுன் விலை பேசுவோம்!

(வலிகாமத்துக் கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒன்றுகூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று இம்மண்டபத்தில் இரு சாரார் அமர்ந்திருக்கின்றனர். ஒரு சாரார் மண்ணைக் கொத்தி மரக்கறி விளைவிப்போர். மறு சாரார் மாதச் சம்பளம் பெற்று அம்மரக்கறியை விலைக்கு வாங்கி உண்போர். இவ்விரு சாராரும் அயலவர்கள். ஒரே நிலத்தடி நீரைக் குடிப்பவர்கள். ஆயினும், உணவு என்ற ஒன்றைப் பொறுத்தவரை, இவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே வாழ்கின்றனர்.

வாங்குவோரின் முறைப்பாடு நாம் எங்கும் கேட்பது. “நஞ்சு தெளிக்காத மரக்கறி எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் வாடி வதங்கிக் கிடக்கிறது. வாடாததாக இருந்தால் விலை கைக்கு எட்டவில்லை. விலையைக் கொடுத்தாலும் அது உண்மையில் நஞ்சற்றதுதானா என்று யார் உறுதி சொல்வது?” என்று கேட்கின்றனர்.

விளைவிப்போரின் முறைப்பாடும் நாம் அறிந்ததே. “எருவும் குழையும் இட்டு, மருந்து தெளிக்காமல் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டு போனோம். பூச்சி அரித்த கத்தரிக்காய் என்று ஒதுக்கிவிட்டார்கள். மினுமினுக்கும் காய்க்குக் கொடுத்த விலையைக்கூட எமக்குத் தரவில்லை. பின் எதற்காக நாம் கஷ்டப்பட வேண்டும்?” என்று அவர்கள் கேட்கின்றனர்.

வாங்குவோர் கூறுவதும் உண்மை. விளைவிப்போர் கூறுவதும் உண்மை. வழக்காளிகள் இருவர் இருக்கின்றனர், எதிராளியைத்தான் காணவில்லை. அந்த எதிராளி யார், அவனை எப்படி மன்றுக்கு அழைப்பது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விடயம்.

இது செல்வந்தரின் ஆசையன்று

சேதன மரக்கறி என்பது கொழும்பிலே காரில் வந்திறங்கிப் பொருள் வாங்குவோரின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். ஏனைய மாவட்டங்களைப் பற்றி நாம் இங்கே பேசவரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது குடிதண்ணீர்ப் பிரச்சினை.

வற்றாத ஆறு ஒன்றேனும் எமக்கு இல்லை. மாரி மழையில் வானம் தருவதைச் சுண்ணக்கல் தன் பொந்துகளிலே தேக்கி வைக்கிறது. அதையே நாம் கோடையில் இறைத்துத் தோட்டத்துக்கும் விடுகிறோம், அடுப்பிலும் வைக்கிறோம். மேலே மெல்லிய செம்மண். கீழே ஓட்டை விழுந்த பாறை. மண்ணில் அளவுக்கு மிஞ்சி எதை இட்டாலும் அது கிணற்றுக்குப் போய்ச் சேராமல் வேறெங்கே போகும்? குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைதரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. அந்த அளவை மிஞ்சிய கிணறுகள் குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் உண்டு என்பதை 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டி வந்துள்ளன. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைக்கு அந்நீர் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை இங்கு வந்திருக்கும் வைத்தியர்கள் எம்மிலும் நன்கறிவர்.

நீதியாகப் பேச வேண்டுமாயின் இன்னொன்றையும் கூற வேண்டும். கிணற்று நீர் கெடுவதற்கு யூரியா மாத்திரமே காரணமன்று. மலசலகூடக் குழிகளும் காரணம். அளவின்றிக் கொட்டப்படும் மாட்டெருவுங்கூடக் காரணம். ஆகவே, சேதனம் என்ற பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றிவிடாது. அளவோடும் அறிவோடும் செய்யும் வேளாண்மைதான் காப்பாற்றும்.

எமது முன்னோரும் எமது காலமும்

இயற்கைப் பசளை எமக்குப் புதிய பாடமன்று. பூவரசங் குழையும் வேப்பங் குழையும் காவிளாயும் தாழ்த்திய தோட்டங்கள் எமது தோட்டங்கள். வயலிலே சணல் விதைத்து மடக்கி உழுதோம். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தோம். அல்பேர்ட் ஹவார்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி இந்தோரிலே இந்தியக் கமக்காரரிடம் கண்டவற்றையும் சேர்த்துக் கூட்டெரு முறையை வகுத்து, 1940இல் நூலாக வெளியிட்டபோது, மேல்நாடு அதனைப் புதுமையென்று கொண்டாடிற்று. எமது பாட்டன்மாருக்கு அது அன்றாடத் தொழில்.

ஆயினும் பழமையைப் போற்றிப் பாடிக்கொண்டிருப்பதால் ஒரு பிடி கீரையும் முளைக்காது. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு மாடு நின்றது; வேலி முழுவதும் குழை நின்றது; கூலிக்கு ஆள் கிடைத்தது. இன்று மாட்டுக் கொட்டில் கார்க் கொட்டிலாயிற்று. கிடுகு வேலி மதிலாயிற்று. இளைஞர் கடல் கடந்து சென்றுவிட்டனர். எருவை வன்னியிலிருந்து லொறியில் ஏற்றிவர வேண்டியிருக்கிறது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், கூடிய விளைச்சல் கூடிய செல்வத்தைக் கொண்டுவந்தது. பசளை மூடையும் மருந்துப் போத்தலும் தோட்டத்தின் நிரந்தரக் குடிகளாயின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது விலை விழுந்தது. மூடையும் போத்தலும் மட்டும் போகவில்லை. விலை விழ விழ, நட்டத்தை ஈடுசெய்ய இன்னும் கூடிய விளைச்சலைத் தேட வேண்டிய நிர்ப்பந்தம் கமக்காரனின் தலையில் விழுந்தது. வலிகாமம் வடக்கின் பொன் விளையும் செம்மண் நிலங்களோ 1990 முதல் பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயமாக அடைபட்டுக் கிடந்தன. எஞ்சிய நிலத்தின்மீது பாரம் மேலும் ஏறிற்று.

மருந்து தெளிக்கும் கமக்காரனைக் குற்றக்கூண்டில் ஏற்றுவோர் இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு வரட்டும்!

இரண்டு கட்டளைகள்

எமது கமக்காரர்கள் இரண்டு தடவை இரசாயனப் பசளையின்றி வேளாண்மை செய்துள்ளனர். இரண்டு தடவையும் அது அவர்களது விருப்பத்தால் நிகழவில்லை.

முதலாவது, போர்க்காலம். 1990களில் வடக்குக்கு எடுத்துச் செல்லக் கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருட்களின் நிரலில் யூரியாவும் இருந்தது. எமது மக்கள் குழையையும் எருவையும் சாம்பலையும் கொண்டு சமாளித்தனர். பட்டினி வராமல் காத்தது அந்தக் கைகள். ஆனால் அது முற்றுகை. அதனை வேளாண்மைக் கொள்கை என்று எவரும் கூறமாட்டார்.

இரண்டாவது, 2021ஆம் ஆண்டு. 2019இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றவர் தமது விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் நாட்டைச் சேதன வேளாண்மைக்கு மாற்றுவதாகக் கூறினார். பத்தாண்டு என்றால் அதிலே நியாயம் இருந்தது. ஆனால் 2021 மே 6ஆம் திகதி ஓர் அதிவிசேட வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளையினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி ஒரே இரவில் நின்றது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்! பசளையை ஒழுங்குபடுத்த 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளிக்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. அவற்றையெல்லாம் விடுத்து, துறைமுகத்தின் கதவை மூடித் தோட்டத்தைத் திருத்தப் பார்த்தனர்!

விளைவு என்ன? அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை நீக்க நேர்ந்தது. அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையுடன் வந்த கப்பலின் மாதிரிகளில் தீங்கான பக்றீரியா கண்டதாகக் கூறி அதை இறக்கவிடவில்லை. இறக்காத அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் பல இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. சோற்றுக்கு அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கினோம்.

பணநட்டம் ஒருபுறமிருக்கட்டும். அதனிலும் பெரிய நட்டம் ஒன்று நேர்ந்தது. சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே கமக்காரன் முகஞ்சுளிக்கும் நிலை உண்டாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓசையின்றி நல்வழியில் மண்ணைப் பேணி வந்த சிலரையும் அயலவர் எள்ளி நகையாடினர். நல்ல கருத்தைக் கெடுக்க விரும்புவோர் அதனை எதிர்க்க வேண்டியதில்லை. துப்பாக்கி முனையிலோ வர்த்தமானி முனையிலோ அதனைத் திணித்தாலே போதும்.

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துக் கணக்கைப் பார்ப்போம். ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றிலே நூற்றுக்கு 46 வீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. நன்கு பதப்பட்ட கூட்டெருவில் நைதரசன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம். ஆகவே அந்த ஒரு மூடையின் நைதரசனைக் கூட்டெருவால் ஈடுசெய்ய ஒரு தொன்னுக்கு மேலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல்வரை வேண்டும். ஒரு மூடையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவரலாம். இரண்டு தொன் எருவுக்கு லொறி வேண்டும். ஏற்ற இறக்க ஆள் வேண்டும். அது பதப்பட மாதங்கள் வேண்டும். எருவிலுள்ள சத்தும் உடனே பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகவே விடுவிக்கும். அதனால் முதலிரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குறைவது இயல்பு. ஓராண்டுப் பயிர்களுக்குச் சேதனச் சான்றிதழ் வழங்குவோரும் இரண்டு முதல் மூன்று ஆண்டுவரை மாறுகாலம் என்று விதிக்கின்றனர். அதாவது, விளைச்சல் குறையும் அந்த ஆண்டுகளில்தான் கமக்காரன் தன் பொருளைச் சேதனப் பொருள் என்று விற்கவும் முடியாது!

நான்கு பரப்பு நிலமும், அடகு வைத்த நகையும், பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் இந்தப் பரீட்சையில் இறங்குவாரா? இறங்கவில்லை என்று அவரைக் குறைகூற எமக்கு என்ன உரிமை?

இனி, சந்தைக்கு வருவோம். எமது மாகாணத்தின் சந்தைகளிலே நீண்டகாலமாகக் கமக்காரரிடம் பத்துக்கு ஒன்று ‘கழிவு’ என்று பிடிக்கும் வழக்கம் நிலவி வந்திருக்கிறது. நூறு கிலோ கொண்டு போனால் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. இதற்கெதிராகக் கமக்காரர் எத்தனையோ தடவை குரலெழுப்பியிருக்கின்றனர். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் தராசு நேராக இருக்க வேண்டுமென்கிறது. தராசு நேராக இருக்கிறது. கணக்குத்தான் கோணலாக இருக்கிறது!

நல்வழியில் விளைவித்தவனின் பொருளுக்குச் சந்தையில் தனி இடமில்லை. அவனது கத்தரிக்காய் மற்றக் கத்தரிக்காயோடு ஒரே குவியலில் விழுகிறது. குவியலில் விழுந்தபின் எது எவருடையது? ஒரு பகுதி தம்புள்ளைக்கு ஏறுகிறது. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ்செய்து எமக்கு வருகின்றன. இவ்விதம் ஏற்றி இறக்கி அடுக்கி நசிப்பதில், நாட்டின் மரக்கறியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாகிறது என்று ஆய்வாளர் கூறுகின்றனர். அந்த வீணின் விலையையும் உண்போரே செலுத்துகின்றனர்.

இப்போது எதிராளியின் முகம் தெரிகிறதல்லவா? எதிராளி கமக்காரனுமல்லன், வாங்குபவனுமல்லன். இருவருக்குமிடையே ஒரு வாக்குறுதி இல்லாமையே எதிராளி. மாற்றத்தின் ஆபத்து முழுவதும் ஒருவன் தலையில்; அதன் நன்மை முழுவதும் மற்றவன் தட்டில். இப்படிப்பட்ட உடன்படிக்கையை எந்த நியாயவாதியும் தன் கட்சிக்காரனுக்குச் சிபாரிசு செய்யமாட்டான்.

சட்டத்தால் ஆவதும் ஆகாததும்

சட்டத்தை நாடலாமே என்பீர்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. அதே ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. பொய்யைக் கூறி விற்போரைத் தண்டிக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. ஆனால் ஒரு பிடி கீரையில் நஞ்சின் எச்சம் உண்டா என்று நிரூபிக்க ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வின் செலவு கீரையின் விலையைப்போல் பன்மடங்கு. பெறுபேறு வருவதற்குள் கீரை உண்டு செரித்துவிடும். சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும்; நம்பிக்கையை உண்டாக்காது.

சான்றிதழ்? இந்நாட்டில் சேதனச் சான்றிதழ் பெற்ற பொருளில் பெரும்பகுதி தேயிலை, தெங்கு, வாசனைத் திரவியம் முதலியன; அவை கப்பலேறி அந்நிய நாட்டாரின் மேசைக்குப் போகின்றன. அந்தச் சான்றிதழின் செலவைப் பெருந்தோட்டம் தாங்கும். நான்கு பரப்புத் தாங்குமா?

இதற்கு உலகம் வேறொரு வழி கண்டிருக்கிறது. விளைவிப்போரும் வாங்குவோரும் சேர்ந்து தாமே தோட்டங்களைச் சென்று பார்த்து, தாமே விதி வகுத்து, தாமே ஒருவருக்கொருவர் சாட்சியாக நிற்பது. இதனைப் பங்கேற்பு உத்தரவாத முறை என்பர். யப்பானில் 1970களில், நஞ்சுகண்டு அஞ்சிய தாய்மார் கமக்காரரைத் தேடிச் சென்று நேரே உடன்படிக்கை செய்தனர். ‘தெய்கெய்’ என்று அதற்குப் பெயர். விளைந்தது எதுவோ அதை முழுவதும் ஏற்போம் என்பது வாங்குவோரின் வாக்கு. சொன்ன முறையில் விளைவிப்போம் என்பது கமக்காரரின் வாக்கு. கொழும்பிலும் 2012 முதல் வாரச் சந்தையொன்று இத்தகைய பொருட்களுக்கென நடந்து வந்திருக்கிறது.

நாம் யப்பானுக்கும் கொழும்புக்கும் போக வேண்டியதில்லை. 1930களில் எமது புகையிலைக் கமக்காரர் மலையாளப் புகையிலை விற்பனைக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதே காலத்தில் மூளாயில் மக்கள் தம் பணத்தால் கூட்டுறவு வைத்தியசாலையை எழுப்பினர். புகையிலைக்குக் கூடியவர்கள் கீரைக்குக் கூட மாட்டார்களா?

செய்ய வேண்டியவை

ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் சிறிதாகத் தொடங்குவோம். இருபது குடும்பங்களும் மூன்று தோட்டங்களும் போதும். அவர்களிடையே ஒரு பக்கத்தில் அடங்கும் உடன்படிக்கை எழுதப்படட்டும். அதில் ஐந்து வாசகங்கள் இருக்கட்டும்.

ஒன்று: விலை விதைப்பதற்கு முன்னரே பேசப்படும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் போகம் முடியும்வரை அந்த விலையே நிற்கும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: கமக்காரனுக்குக் கையில் 90 ரூபா கிடைக்கும் காயை நீங்கள் 200 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். உடன்படிக்கை விலை 150 ரூபாவாயின் அவனுக்கு 60 ரூபா கூடுகிறது. உங்களுக்கு 50 ரூபா குறைகிறது. மலிவும் நியாயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இடையிலுள்ள வீண்செலவே இரண்டுக்கும் பகை.

இரண்டு: வாங்குவோர் போகத் தொடக்கத்தில் ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுப்பர். எருவுக்கும் கூலிக்கும் கமக்காரன் நகையை அடகு வைக்கத் தேவையில்லை.

மூன்று: மழையாலோ பூச்சியாலோ விளைச்சல் குறைந்தால் நட்டத்தை இருசாராரும் பங்கிடுவர். பூச்சி கடித்த அடையாளமுள்ள காயை அதற்காக மாத்திரம் தள்ளுதல் கூடாது.

நான்கு: எந்தப் பசளை, எந்த அளவில், என்று இடப்பட்டது என்பதைக் கமக்காரன் கொப்பியில் எழுதுவான். மாதம் ஒருமுறை இரண்டு குடும்பத்தாரும் மற்றத் தோட்டக்காரர் ஒருவரும் சென்று பார்ப்பர். கிணற்று நீரின் நைதரேற்று ஆண்டுக்கொரு முறை சோதிக்கப்படும், செலவு பொதுவில்.

ஐந்து: ஒருவன் மறைவாக மருந்து தெளித்தால் அவன் ஒரு போகம் விலகி நிற்க வேண்டும். அவசியத்தால் தெளிக்க நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்தப் பாத்தியைச் சந்தையில் விற்கலாம். உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை இல்லை.

எல்லாப் பயிரையும் முதற்போகத்திலேயே தொடவேண்டாம். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, வாழை, மரவள்ளி, பூசணி ஆகியவை மருந்தை அதிகம் நாடாதவை. அவற்றில் தொடங்குக. இடையே பயறும் உழுந்தும் விதைத்தால், அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும். மிளகாயையும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மண் தேறியபின் பார்த்துக்கொள்ளலாம். விடியற்காலையில் பிடுங்கிய கீரை எட்டு மணிக்கு அடுக்களைக்கு வருமாயின், புத்தம் புதியது என்று எவரும் எழுதி ஒட்டத் தேவையில்லை.

அதிகாரம் யார் கையில்?

இது பணமுள்ளோர் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடாக முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். முற்பணம் கொடுக்க இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளை எதை உண்பது? நியாயமான கேள்வி. அதற்குத்தான் பொது நிறுவனங்கள் இருக்கின்றன. பாடசாலை மதிய உணவும் வைத்தியசாலைச் சமையலும் மரக்கறி வாங்குகின்றன. அவற்றில் ஒரு பங்கையேனும் இத்தகைய தோட்டங்களிலிருந்து, போகத்துக்கு முன் பேசிய விலையில் வாங்கினால், ஏழைப் பிள்ளையின் தட்டிலும் நல்லுணவு விழும். கமக்காரனுக்கும் நிலையான கேள்வி உண்டாகும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி விவசாயம், கூட்டுறவு, உள்ளூராட்சி ஆகிய மூன்றும் மாகாண சபை நிரலில் உள்ளன. 2013இல் தெரிவான எமது மாகாண சபையின் காலம் 2018 ஒற்றோபரில் முடிந்தது. அதன்பின் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. 2021இல் எமது தோட்டத்தைப் பற்றிக் கொழும்பிலே தீர்மானித்தபோது, எமக்காகப் பேச எமது சபை இருக்கவில்லை. தோட்டத்தின் தலைவிதி தோட்டத்துக்கு அண்மையில் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று நாம் கூறுவது இதனாற்றான்.

ஆனால் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பிரதேச சபைகளுக்குப் பொதுச் சந்தைகளின்மீது அதிகாரம் உண்டு. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் நீங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அச்சபைகளில் இருக்கின்றனர். அவர்களிடம் மூன்றைக் கேளுங்கள். சந்தையைக் குத்தகைக்குக் கொடுக்கும் உறுதியிலே, கழிவு பிடித்தால் குத்தகை இரத்தாகும் என்ற ஒரு வாசகத்தைச் சேர்க்கட்டும். உடன்படிக்கைத் தோட்டங்களின் பொருளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு மேடையை ஒதுக்கட்டும். சந்தைக் குப்பையையும் வெட்டிய குழையையும் கூட்டெருவாக்கிக் கமக்காரருக்கு நியாய விலையில் கொடுக்கட்டும். இம்மூன்றுக்கும் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

உத்தியோகத்தர்களுக்கு ஒரு சொல்: வளைந்த பயிற்றங்காயையும் புழு கடித்த இலையையும் கண்டு முகம் திருப்பாதீர்கள். பேசிய விலையைச் சந்தை மலிந்த நாளிலும் கொடுங்கள். கமக்காரர்களுக்கும் ஒரு சொல்: சந்தை ஏறிய நாளிலே பேசிய பொருளை வேறெவருக்கும் விற்காதீர்கள். இவ்விரண்டும் நிலைத்தால் மற்றவை யாவும் தாமே நிலைக்கும்.

கட்டளையால் இது வராது என்பதை இருமுறை கண்டோம். தானதருமத்தாலும் இது வராது, கமக்காரன் பிச்சைக்காரனல்லன். சமமான இருவர் முகத்தைப் பார்த்துப் பேசி, கையெழுத்திட்டு, அதன்படி நடந்தால் வரும். மாரி மழைக்கு முன்னர் நிலத்தைப் பண்படுத்துவது வழக்கம். அதற்கு முன்னரே, இன்று இந்த மண்டபத்தை விட்டுக் கலையுமுன், உங்களுக்கு அருகில் இருப்பவர் எந்தச் சாராரைச் சேர்ந்தவர் என்று கேட்டறியுங்கள். அவரோடு விலை பேசுங்கள். பேசியதை எழுதுங்கள். எழுதித் தருவதற்கு நாம் இருக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை!